கோஸ்மினுக்கு ஒரு குவளை

ஜாடியில் சொகாத்தா குறைந்திருந்தது.

காலையில் தையல் ஆலைக்குக் கிளம்பும் முன் மரக்கரண்டியால் கலக்கிவிட்டு, வாயில் துணியைக் கட்டியபோது அது ஜாடியின் கழுத்து வரை நின்றது. இப்போது கழுத்துக்குக் கீழே வெறும் கண்ணாடி தெரிந்தது. பழைய மட்டம் இருந்த இடத்தில் சர்க்கரைப் பிசுக்கு ஒரு வளையமாகக் காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே, புளிக்கப் போட்ட சர்க்கரைத் தண்ணீரில், சொக் பூக்கொத்துகளும் எலுமிச்சை வில்லைகளும் மிதந்தன. ஒட்டிலியா துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது. ஜன்னல் கட்டையிலும் தரையிலும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

வெயிலில் ஆவியாகியிருக்கும் என்று நினைத்தாள். ஒரு பகலில் இவ்வளவு ஆவியாகாது என்பதும் அவளுக்குத் தெரியும். மேலே யோசிக்காமல் அறையைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அது வீட்டின் பெரிய அறை. விருந்தாளி வந்தாலோ, கல்யாணமோ சாவோ நடந்தாலோதான் அதைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் பூவேலை செய்த தலையணைகளும், சுவரில் மாட்டிய கல்யாணப் படமும், ஜாம் ஜாடிகளும் அங்கே இருட்டில் கிடக்கும். மாமனார் பாவெலுக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு இனிப்பான எல்லாமே அந்த அறைக்குள் போய்விட்டன. சொகாத்தாவை அங்கே வைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. தெற்கு ஜன்னலில்தான் பகல் முழுக்க வெயில் விழும். வெயில் இல்லாமல் அது புளிக்காது. கண்ணாடிக் கதவுகளைத் திறந்து வைத்து, பூச்சி வராமலிருக்கக் கொசுவலையை அடித்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, அதே வெயிலில், பாவெலின் நாற்காலி. அவருக்குக் கால்கள் வீங்கி இரண்டு வருடமாகிறது. காலையில் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தால், அவள் சாயங்காலம் வரும்வரை அங்கேதான் இருப்பார். மத்தியானம் பக்கத்து வீட்டு சவேத்தா வேலிக்கு மேலாக சூப் கொடுப்பாள்.

அன்று மாலை அவரைக் கைபிடித்து எழுப்பியபோது, அவர் மீசையைச் சுற்றிப் பழ ஈக்கள் பறந்தன. சூப் ஒட்டியிருக்கும் என்று தலைத்துணியின் நுனியால் துடைத்துவிட்டாள்.

*

பூவைப் பறித்தது ஞாயிற்றுக்கிழமை. பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால், இடிந்துபோன சரக்குக் கொட்டகையின் பக்கம். ஆடுமாடு கட்டிய இடம், குப்பை கொட்டிய இடம், மனிதர்கள் விட்டுப்போன இடம் என்று பார்த்துத்தான் சொக் புதர் வளரும். பனி காய்ந்தபின் உச்சி வெயிலில் போனாள். குடை விரித்ததுபோன்ற வெள்ளைக் கொத்துகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி, ஒவ்வொன்றையும் உதறி, கறுப்புப் பூச்சிகளை விழச் செய்து துணிப்பையில் போட்டாள். கழுவக் கூடாது. கழுவினால் மகரந்தத்தோடு புளிக்க வைப்பதும் போய்விடும். தேனும் திராட்சையும் கலந்ததுபோன்ற அந்த வாசனையின் அடியில், வெயில் ஏறும்போது மட்டும் தெரியும் இன்னொரு வாசனை, பூனை மூத்திரம் மாதிரி, அவள் கையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டது.

போன வருடம் உயரக் கிளைகளை அவள் புருஷன் கோஸ்மின் வளைத்துப் பிடித்தான். வேண்டுமென்றே கிளையை உலுக்கி, அவள் தலை முழுக்கப் பூவும் பூச்சியுமாக்கிவிட்டுச் சிரித்தான். சொகாத்தா புளிக்கும் வரை காத்திருக்கவும் மாட்டான். மறுநாளே கரண்டியை விட்டு மொண்டு குடிப்பான்.

அக்டோபரில் நார்வேயிலிருந்து கடைசியாகப் பேசினான். மரம் வெட்டும் வேலை. பிறகு போன் அடங்கிவிட்டது. ஆள் சேர்த்துவிட்டவன், உன் புருஷன் ஒருநாள் காட்டுக்குள் போனவன் முகாமுக்குத் திரும்பவில்லை, பை மட்டும் இருக்கிறது என்றான். போலீஸ் விசாரிக்கிறோம் என்றது. இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருந்தது.

இந்த வருடம் சொகாத்தா போடுவதா வேண்டாமா என்று அவள் நிறைய யோசித்தாள். போடாவிட்டால் அவன் வரமாட்டான் என்று தானே சொன்னதுபோல் ஆகிவிடும். அதனால் போட்டாள்.

அவள் பறிக்கப் போவதைப் பார்த்து பாவெல், நேரான தண்டு ஒன்றும் வெட்டி வா என்று கேட்டிருந்தார். சவேத்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊதல் செய்து தருகிறாராம். சொக் தண்டின் நடுவில் வெள்ளையாக நெட்டி மாதிரி இருக்கும். கம்பியை விட்டுத் தள்ளினால் குழாய். மறுநாள் அவர் நாற்காலியின் கீழே வெள்ளைத் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தன. அவள் பெருக்கித் தள்ளினாள்.

*

அடுத்த நாளும் குறைந்தது. அதற்கடுத்த நாளும்.

புதன்கிழமை தலைவலி என்று பாதி நாளில் வந்துவிட்டாள். வந்தது யாருக்கும் தெரியாது. பின்வாசல் வழியாக நுழைந்து, பெரிய அறைக்கு அடுத்த அறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். வீடு அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜாடி புளிக்கும் ஓசை மெல்லக் கேட்டது, ஈர மண்ணில் மழை இறங்குவதுபோல, யாரோ வாயைத் திறக்காமல் மூச்சு விடுவதுபோல. எங்கோ ஒரு தேனீ கண்ணாடியில் மோதி மோதி நின்றது. புளிப்பும் இனிப்புமான அந்த வாசனை கதவின் அடியிலிருந்து வந்து கட்டிலின் உயரத்துக்கு நிரம்பியது.

அப்போது ஒரு மிடறு விழுங்கும் சத்தம்.

அவள் கண்ணைத் திறந்தாள். இன்னொரு மிடறு. நிதானமாக. ரொம்ப நாள் தாகத்தோடு இருந்தவன் குடிப்பதுபோல.

எழுந்தாள். பையில் சாவியைத் தேடியபோது அது கை தவறித் தரையில் விழுந்து ஓசை எழுப்பியது. சுவருக்கு அப்பால் எல்லாம் நின்றது. கதவைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. ஜன்னலில் வெயில். ஜாடிக்குள் பூக்கொத்துகள் மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன, இப்போதுதான் யாரோ கரண்டியை எடுத்ததுபோல. சுவரில் கோஸ்மின் கல்யாணக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.

பூக்கள் சுற்றி நிற்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமனாரிடம் கேட்கவில்லை. கேட்பதென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜாடி குறைகிறது என்று சொன்னால், அந்த ஊரில் அதற்கு அடுத்த வார்த்தை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவனைப் பெற்ற தகப்பனிடம் அவள் எப்படிச் சொல்வாள்.

சவேத்தாவிடம்தான் சொன்னாள். சவேத்தா வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“துணி கட்டியிருந்தும் குறையுதா?”

“ஆமா அக்கா.”

“அறை பூட்டியிருந்துமா?”

ஒட்டிலியா தலையசைத்தாள்.

சவேத்தா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசியதெல்லாம் ஒட்டிலியாவுக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று செத்தவர்கள் குழியை விட்டு வெளியே வருவார்கள். அவரவர் வீட்டு இறவாரத்தின் கீழே உட்கார்ந்திருப்பார்கள். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அவர்கள் பெயர் சொல்லிப் புதுக் குவளையில் அக்கம்பக்கத்தாருக்குக் குடிக்கக் கொடுத்தால், அது செத்தவர்களைச் சேரும், குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். கொடுக்காவிட்டால் தாகத்தோடு அங்கேயே தங்கிவிடுவார்கள். பெந்தெகொஸ்தே தாண்டித் தங்கினவர்களுக்குத் தன் ஆள் பிற ஆள் தெரியாது.

“அவரு சாகல அக்கா.”

“நானா சொன்னேன்? உன் ஜாடில்ல சொல்லுது.” சவேத்தா பட்டாணித் தோலை மடியிலிருந்து உதறினாள். “ஏம்மா, அவன் உன்கிட்ட வேற எப்படித்தான் கேப்பான்?”

இரவு பாவெலுக்குக் கால் தேய்த்துவிடும்போது, சனிக்கிழமை செத்துப்போன அத்தைக்குக் குவளை கொடுக்க வேண்டும், எத்தனை வாங்கட்டும் என்று பொதுவாகக் கேட்டாள். அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார்.

“சவேத்தா ஏதாவது ஓதினாளா? அவ வாய கோயில் மணிக்குப் பதிலா கட்டலாம், பக்கத்து ஊருக்கும் கேக்கும்.”

“இல்ல மாமா.”

“உன் அத்தைக்கு ஒண்ணு வாங்கு. என் அப்பனுக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.” காலை இழுத்துக்கொண்டார். “என் பையன் பேர்ல குவளை எடுக்காதம்மா. உயிரோட இருக்கறவன் பேர்ல கொடுத்தா, அது நேரா அவனுக்குத்தான் போவும். அவன் குடிச்சிடுவான். அப்புறம் யார் அழுதாலும் திருப்பி வாங்க முடியாது.”

அவள் தைலப் புட்டியை மூடினாள். இரண்டில் ஒன்று. உயிரோடு இருப்பவனை அவள் கையாலேயே அனுப்பிவிடலாம். இல்லை, செத்தவனைத் தாகத்தோடு வாசலில் நிறுத்திவைக்கலாம். எது என்று சொல்ல அவளிடம் ஒரு ஜாடியைத் தவிர வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை பூக்கள் ஜாடியின் நடுவுக்கு இறங்கியிருந்தன.

சந்தையில் மூன்று குவளை வாங்கினாள்.

*

சனிக்கிழமை மத்தியானம் கோயில் மணி அடித்தது. வீட்டு வாசல்களில் எலுமிச்சைப் பச்சை நிறத்தில் லிண்டன் மரக் கிளைகள் செருகியிருந்தார்கள். தெரு முழுக்க வேலிக்கு வேலி குவளைகள் கைமாறின. ஒட்டிலியா சொகாத்தாவை வடிகட்டி மூன்று குவளையில் ஊற்றினாள். கைப்பிடியில் செர்ரிப் பழங்களைக் கட்டினாள். விளிம்பில் மெழுகுவத்தியை உருக்கி ஒட்டினாள். மூன்றாவது குவளையில் நீலப் பறவை வரைந்திருந்தது. அதில் ஒற்றைப் பூ ஒன்று வடிகட்டியில் தப்பி வந்து நடுவில் மிதந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அத்தைக்கும் தாத்தாவுக்கும் உள்ளவற்றை பாவெல் பார்க்கும்படி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தாள். மூன்றாவதைக் கொல்லை வேலிப் பக்கம் கொண்டுபோனாள். சவேத்தா ஏற்கனவே அங்கே நின்றாள்.

மெழுகு உருகி சொகாத்தாவில் ஒரு சொட்டு விழுந்தது.

“இது கோஸ்மினுக்கு.”

“கடவுள் அவனை மன்னிக்கட்டும்” என்று சொல்லி சவேத்தா குவளையை வாங்கி, அங்கேயே பாதியைக் குடித்தாள். “அவன் இதுக்கு உசிர விடுவான்” என்றாள்.

ஒட்டிலியாவுக்கு உள்ளே எதுவோ கழன்று விழுந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தோள்கள் லேசாகின. அன்றிரவு அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக விழிக்காமல் தூங்கினாள். காலையில் எழுந்து அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

*

பெந்தெகொஸ்தே ஞாயிறு. கோயிலில் தரை முழுக்க வால்நட் இலை பரப்பி, மண்டியிட்டிருந்ததில் அவள் பாவாடையெல்லாம் அந்தக் கசப்பு வாசனை. ஜாடியில் மீதமிருந்ததைப் புட்டியில் அடைக்கலாம் என்று பெரிய அறையைத் திறந்தாள். இனி குறையாது என்ற நம்பிக்கையோடுதான் திறந்தாள்.

ஜாடிக்குள் பூக்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

கொசுவலையின் மூலையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெளிறிய, முண்டு முண்டான ஒரு தண்டு உள்ளே நீண்டிருந்தது. துணியின் இழைகளை விலக்கிக்கொண்டு ஜாடிக்குள் இறங்கியிருந்தது. சொகாத்தா மெல்ல அதிர்ந்தது.

மிடறு. இன்னொரு மிடறு.

அவள் ஜன்னலருகே போனாள். வெளியே பாவெல் ஒரு கையால் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய கால்களில் ஆடியபடி நின்றிருந்தார். கண்கள் மூடியிருந்தன. கன்னங்கள் பால் குடிக்கும் குழந்தைக்குப்போல உள்வாங்கியிருந்தன. மீசையைச் சுற்றி ஈக்கள்.

“மாமா.”

தண்டு வெடுக்கென்று பின்வாங்கியது. அவர் நாற்காலியில் விழுந்தார். அவள் வெளியே ஓடி வந்தபோது அதைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாய்தாம்மா. டாக்டர்கிட்ட சொல்லிடாத.”

“எப்போலேர்ந்து?”

“நீ ஜாடி வெச்சதுலேர்ந்துதான்.” சிரிக்கப் பார்த்தார். “புதன்கிழம நீ சாவியப் போட்டப்ப மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். ஏம்மா, ஏன் இப்படி வெளுத்துட்ட? கொஞ்சம் சர்க்கரத் தண்ணி. செத்தா போயிடுவேன்?”

அவள் கொல்லைப் பக்கம் ஓடினாள்.

சவேத்தாவின் சமையலறைச் சுவரில் நீலப் பறவைக் குவளை ஆணியில் தொங்கியது. கழுவித் துடைத்திருந்தது. ஒட்டிலியா அதைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். வேறு குவளை வாங்கித் தருகிறேன், நான் சொன்னதை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஜாடியைக் குறைத்தது யார் என்றும் சொன்னாள். சவேத்தாவின் முகம் மெல்ல மாறியது.

“குடிச்சாச்சேம்மா” என்றாள். குவளையை ஆணியிலிருந்து எடுக்கவும் அவளுக்குக் கை வரவில்லை. “நேத்தே போய்ச் சேந்திருக்கும்.”

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் பாவெல் கத்தினார். முதலில் அழுகை என்று நினைத்தாள். சிரிப்பு. நடுவில் ஒரு பெயர்.

கோஸ்மின்.

*

அவன் நாற்காலியருகே நின்றிருந்தான். தகப்பன் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். தாடி. ஒட்டிய கன்னம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஒட்டிலியா ஓடிப்போய் அவன் மார்பில் முகத்தைப் புதைத்தாள். சட்டையில் பஸ் வாசனை, வியர்வை வாசனை. அழுதாள். கடவுளே, கடவுளே என்று மட்டும் சொன்னாள். அவன் கை அவள் முதுகில் விழுந்தது. சட்டைக்கு மேலாகவே அது சில்லென்று இருந்தது.

சமையலறையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மரம் தலையில் சாய்ந்தது. யாரோ வழிப்போக்கர்கள் தூக்கிப்போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் தன் பெயரே நினைவில்லை. மே மாதம்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. காசு சேர்த்து, பஸ் மாறி மாறி வந்தானாம். போன் எண் மட்டும் கடைசிவரை நினைவுக்கு வரவில்லையாம். பாவெல் வாசற்படியில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறான். பேசுகிறான். சவேத்தா சொன்னதெல்லாம் வெறும் பேச்சு. ஒட்டிலியா சூப்பைச் சூடு செய்து வைத்தாள். அவன் தட்டைத் தள்ளினான்.

“பசிக்கல.”

“எப்ப சாப்பிட்ட?”

“நேத்து காலைல.” அவன் மேஜை மரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். “நேத்து மத்தியானம் ஒரு கூத்து நடந்துச்சு தெரியுமா? ஹங்கேரில, பஸ்ல. சரியான தாகம். பாட்டில் காலி. கண்ண மூடிட்டிருக்கேன். யாரோ வாயில சொகாத்தா ஊத்தின மாதிரி இருந்துச்சு. சத்தியமா. உன் கை ருசி. கூடவே லேசா மெழுகு வாசனை.”

அவள் கரண்டியை வைத்தாள்.

“முழிச்சா, பஸ் ரோட்டோரமா நிக்குது. பக்கத்து சீட்டு அம்மா சிலுவ போட்டு அழுவுது. டிரைவர் என் கழுத்துல விரல் வெச்சுப் பாத்துட்டு, தொப்பியக் கழட்டிட்டான். நான் எழுந்து உக்காந்தேன் பாரு. எல்லாரும் கத்துனாங்க கத்து.” சிரித்தான். “அதுலேர்ந்து தாகமே இல்ல. பசியும் இல்ல. நல்லாதான் இருக்கேன்.”

வெளியே இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. ஜூன் மாதத்துச் சாயங்காலம், முடிவதாகத் தெரியவில்லை. பழ ஈக்கள் பாவெலின் மீசையைச் சுற்றின. சூப் தட்டைச் சுற்றின. அவள் கைக்கு வந்தன.

அவனிடம் ஒன்றுகூடப் போகவில்லை.

“ஏம்மா நிக்கற?” என்றார் பாவெல். “சொகாத்தா ஊத்திக் குடு. இவன் வரணும்னுதான போட்ட.”

ஜாடியைக் கொண்டுவந்தாள். கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை ஊற்றினாள். ஒரு பூ மேலே வந்து நடுவில் நின்றது.

“குடி கோஸ்மின்.”

அவன் எடுத்தான். தலையைச் சாய்த்தான். தொண்டை ஏறி இறங்கியது. மிடறு. மிடறு. அவளுக்குத் தெரிந்த சத்தம். நிதானமாக, ரொம்ப நேரம் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்து, டம்ளரை மேஜையில் வைத்தான்.

“அப்பாடா. இதுதான். இன்னும் ஊத்து.”

டம்ளர் நிறைந்திருந்தது. பூ நடுவிலேயே இருந்தது.

“ஊத்தும்மா” என்றார் பாவெல், கண்ணைத் துடைத்தபடி. “பையன் கேக்கறான்ல.”

அவள் ஊற்றினாள். சொகாத்தா விளிம்பைத் தாண்டி வழிந்தது. மேஜையில் ஓடியது. ஓரத்தில் சொட்டியது. கோஸ்மின் டம்ளரை மறுபடி எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். தொண்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பூ அசையவில்லை.